தலை தட்டாத கொத்து

3.1.1974 வியாழன்

நாளைக்கு ஹஜ்ஜுப் பெருநாள். பக்கத்து வளவில் மைமூனா தொதல் கிண்டுகிற வாசம் விடிந்ததிலிருந்து வேலியைத் தாண்டி வருகிறது. சீனிக்குக் கியூவில் நின்று கால் கடுக்கிற காலத்தில் இவளுக்கு மட்டும் இவ்வளவு சர்க்கரை எங்கிருந்து கிடைத்தது? கேட்கவில்லை. கேட்டால் தொதல் வராது.

எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் தென்னோலைக் கிடுகு வேலி. அதில் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு. அதால் தலையை நீட்டி, "மூக்கை மூடிக்கொள்ளு புள்ள, நாளைக்குத்தான்" என்றாள். நாற்பத்து மூன்று வயதில் என்னைப் புள்ள என்று கூப்பிட இந்த ஊரில் அவள் ஒருத்திதான் மிச்சம்.

போன மாதம் அரிசியும் அந்தப் பொட்டால்தான் வந்தது. தோப்பூரில் அவளுடைய சொந்தக்காரரின் வயல் நெல். ஒரு ஆள் இரண்டு கொத்து அரிசிக்கு மேல் கொண்டு போனால் அரிசிச் சோதனைக்காரர் பிடிக்கிறார்கள். அவளுடைய மனுசன் ஸைனுலாப்தீன், மூதூருக்கு ஆட்களை ஏற்றிப் போகிற லாஞ்சிப் படகில் வேலை செய்கிறவர். முன்பக்கத்துப் பலகைக்குக் கீழே கயிற்றுச் சுருளுக்குள் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து சேர்த்தார். இடத்தை மைமூனா என் காதுக்குள் சொன்னாள். அளக்கிற கொத்துப் பேணியைத் தலை தட்டி மட்டமாக்காமல் குவித்துக் குவித்து அளந்தாள். அவள் ஒருநாளும் தலை தட்டி அளந்ததில்லை. அந்த அரிசியை நான் சாமியறையில், படங்களுக்குப் பின்னால் பித்தளை அண்டாவில் கொட்டி மேலே பட்டுத் துணி மூடி வைத்திருக்கிறேன். அவளே கூட நின்று மூடிவிட்டாள்.

இறக்கக்கண்டியில் இருக்கிற அக்காவுக்கு ஒரு தபாலட்டை போட்டேன். மரவள்ளிக்கிழங்கு தின்று நாக்குச் செத்துப்போனது என்று எழுதியிருந்தாள். பதிலுக்கு நானும் கொஞ்சம் பெருமை அடித்துக்கொண்டேன்.

8.1.1974 செவ்வாய்

பங்கீட்டுக் கடையில் பாண் கியூ. எனக்கு முன்னால் நின்றவர் திரும்பித் திரும்பி என் கூப்பன் புத்தகத்தைப் பார்த்தார். ஏன்?

12.1.1974 சனி

யாழ்ப்பாணத்தில் தமிழ் மாநாட்டின் கடைசி நாளில் ஆட்கள் செத்துப்போனார்களாம். நேற்று நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் இரண்டு பேராக நின்றுதான் கதைத்தார்கள். மூன்றாவது ஆள் வந்தால் மழையைப் பற்றிக் கதை மாறுகிறது. நான் போனபோதும் மாறியது. என்னைப் பற்றி என்ன நினைத்திருக்கிறார்கள்?

13.1.1974 ஞாயிறு

பொட்டு அடைத்திருக்கிறது.

காலையில் முற்றம் கூட்டும்போது கண்டேன். புதுக் கிடுகு வைத்து, புதுக் கயிற்றால், மூன்று இடத்தில் இறுக்கிக் கட்டியிருக்கிறது. ஒரு இடத்தில் கட்டினாலே நிற்கும்! வேலிக்கு மேலால் "என்ன மைமூனா இது?" என்று கேட்டேன். "காத்துக்கு" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. இலை அசையாத காலையில் என்ன காற்று?

இவரிடம் சொன்னேன். துறைமுகக் களஞ்சியத்தில் இருபது வருடம் பொருள் பதிகிறவர், வாயையும் பூட்டித்தான் வைத்திருப்பார். "அவையின்ர வேலி, அவை அடைப்பினம்" என்றார். அதோடு பேப்பருக்குள் தலையைப் புதைத்துவிட்டார்.

14.1.1974 திங்கள், தைப்பொங்கல்

பொங்கல் பானை நல்லபடியாகப் பொங்கியது. வழமையாக முதல் கிண்ணம் பொட்டால் போகும். இன்றைக்கு ரோட்டால் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுக்க மனம் வரவில்லை. அவள் வந்து வாங்கட்டுமே.

பானையைப் பார்த்தால் தோப்பூர்தான் ஞாபகம் வருகிறது. நாற்பத்திரண்டில் யப்பான்காரன் குண்டு போட்ட அன்று எனக்குப் பதினொரு வயது. எண்ணெய்த் தாங்கி எரிகிற புகையில் பட்டினமே தெரியவில்லை. மைமூனாவின் வாப்பாதான் எங்களையும் தன் வள்ளத்தில் ஏற்றி மூதூருக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து மாட்டு வண்டியில் தோப்பூர், அவளுடைய பெரியம்மா வீடு. நாங்கள் மச்சம் மாமிசம் சாப்பிடாத ஆட்கள் என்று, அடுத்த நாளே எங்களுக்கென்று புதுச் சட்டி பானை வாங்கி, வளவின் மற்றப் பக்கத்தில் தனி அடுப்பும் போட்டுத் தந்தார்கள். ஆறு மாதம் இருந்தோம்.

அம்மா என்ன செய்தாள் தெரியுமா? ஆள் இல்லாத நேரம் பார்த்து அந்தப் பானைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, உள்ளே மூக்கை விட்டு மணந்து பார்த்தாள், உண்மையிலேயே புதுசுதானா என்று. மைமூனாவும் நானும் கதவுக்குப் பின்னால் நின்று கண்டோம். அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை.

அம்மாவின் மூக்குத்தான் எனக்கும்.

16.1.1974 புதன்

வந்தாங்கள். அரிசிச் சோதனைக்காரர் மூன்று பேர். குசினியைப் பார்க்கேல்லை, அலுமாரியைத் திறக்கேல்லை, கட்டிலுக்குக் கீழ குனியேல்லை. நேரா சாமியறை. செருப்போட. பட்டுத் துணியை இழுத்து எறிஞ்சாங்கள். அண்டாவோட தூக்கிக்கொண்டு போட்டாங்கள். எங்கட கலியாணத்துக்கு வந்த அண்டா.

இவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பின்னேரம்தான் விட்டாங்கள். ரோட்டு முழுக்கச் சனம் பார்த்துக்கொண்டு நிண்டது. அவள் மட்டும் வெளியில வரேல்லை. புதுக் கிடுகுக்குப் பின்னால இருமுற சத்தம் கேட்டது.

17.1.1974 வியாழன்

இரவெல்லாம் நித்திரை இல்லை. இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

அண்டா இருக்கிற இடம் யாருக்குத் தெரியும்? எனக்கு, இவருக்கு, மைமூனாவுக்கு. இவர் தன் வேலைக்குத் தானே உலை வைக்கமாட்டார். சோதனைக்கு மூன்று நாள் முந்தி அவள் பொட்டை அடைக்கிறாள். கேட்டால் முகம் பார்க்கவில்லை. சின்னப் பிள்ளைக்கும் கணக்கு விளங்கும்.

ஆனால் ஏன் செய்தாள்? என்ன குறை வைத்தேன் அவளுக்கு? எழுத்து வாசனை இல்லாதவளுக்கு இருபது வருடம் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவள் மகள் ஜெஸீமாவுக்கு நான்தான் அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தேன்.

இவருக்கு வேலையிடத்தில் விசாரணையாம். சாப்பிடாமல் கதிரையில் இருக்கிறார்.

20.1.1974 ஞாயிறு

அரிசிச் சோதனைக்காரருக்குப் பெயரில்லாத பெட்டிசம் எழுதினேன்.

இந்த ஊரில் எல்லாரும் எழுதுகிறார்கள். கிளாக்கர் வேலைக்கு வரப் பிந்தினால் பெட்டிசம், கடைக்காரர் எடை குறைத்தால் பெட்டிசம். "உண்மை விளம்பி" என்று கையெழுத்து. நானும் அப்படித்தான் போட்டேன். இடது கையால் எழுதினேன், ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது. மூதூர் லாஞ்சி, முன்பக்கத்துப் பலகை, கயிற்றுச் சுருள், ஸைனுலாப்தீன். பொய் ஒரு சொல்லும் இல்லை.

21.1.1974 திங்கள்

பெட்டியில் போட்டாயிற்று.

29.1.1974 செவ்வாய்

ஸைனுலாப்தீனைப் பிடித்துவிட்டார்கள். ஜெட்டியில், ஆட்கள் இறங்கும்போது, எல்லாருக்கும் முன்னால். பலகையைக் கழற்றிப் பத்துக் கொத்து எடுத்தார்களாம். லாஞ்சி முதலாளி அங்கேயே அவரை வேலையால் நிறுத்திவிட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் அடுப்பு மூட்டிய புகை இன்றைக்குக் காணவில்லை.

சந்தோசமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

1.2.1974 வெள்ளி

மைமூனா வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டு ரோட்டால் சுற்றி வந்து, குசினி வாசலில் நிலத்தில் குந்திவிட்டாள். அரசாங்கக் கச்சேரிக்கும் லாஞ்சி முதலாளிக்கும் ஒரு மனு எழுதித் தர வேண்டுமாம். "உன்னை விட்டா எனக்கு ஆரு புள்ள எழுதித் தருவா?"

பேனையை எடுத்தேன். மூடியைக் கழற்றுவதற்கே நேரம் எடுத்தது. மனு எழுதி முடித்த பிறகு அவள் சொன்னதை இங்கே அப்படியே எழுதி வைக்கிறேன்.

"பலகைக்குக் கீழ வைக்கிற இடம் மூணு பேருக்குத்தான் தெரியும். அவர், நான், நீ. அவர் சொல்லமாட்டார். நீ செத்தாலும் சொல்லமாட்டாய். அப்ப நான்தான் எங்கயோ வாய் தவறிச் சொல்லிப்போட்டன். எங்க சொன்னன், ஆரிட்டச் சொன்னன் எண்டு ராவு பகலா யோசிக்கிறன், ஞாபகம் வருதில்லையே புள்ள."

தலையில் அடித்து அடித்து அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துத் தடுத்தேன். இந்தக் கையால்!

அவள் போன பிறகு இவர் வந்து பக்கத்தில் நின்றார். "பொட்டை அடைக்கச் சொன்னது நான்" என்றார். அரிசி கொண்டு வருகிற வீட்டுக்கும் அரசாங்க உத்தியோக வீட்டுக்கும் நடுவில் வழி இருக்கிறதைக் கண்டால் இரண்டு பக்கத்துக்கும் வில்லங்கம் என்று அவரே போய்ச் சொன்னாராம். "உனக்குச் சொன்னால் நீ சண்டை பிடிப்பாய் எண்டு அவவிட்டயும் சொல்லவேண்டாம் எண்டனான்."

அப்படியானால் அண்டாவை யார் காட்டிக் கொடுத்தது?

3.2.1974 ஞாயிறு

அக்கா வந்தாள். சோதனை நடந்ததைக் கேள்விப்பட்டு, இவரைப் பார்க்க. வந்ததும் வராததுமாக என்னைப் பிடித்து ஏசினாள்.

"உனக்கு விசரே? அரிசி வைக்கிற இடத்தை ஆராவது தபாலட்டையில எழுதுவினமே?"

அவர்கள் பக்கம் தபால்காரர் வீடு வீடாகப் போகமாட்டார். சந்திக் கடையில் கொடுத்துவிட்டுப் போவார். அந்தத் தேத்தண்ணிக் கடையில் கார்டை எடுத்து யாரோ என் பெயர் விலாசத்தோடு சத்தமாக வாசித்தானாம். "சாமிக்குப் பின்னால அண்டா நிறையத் தோப்பூர் அரிசி, பஞ்சம் உங்களுக்குத்தான், எங்களுக்கில்லை." கடை முழுக்கச் சிரிப்பு. அன்றைக்கு அரிசிச் சோதனைக்காரர் இரண்டு பேர் அங்கேயிருந்து தேத்தண்ணி குடித்தார்களாம். கடைக்காரர் பிறகுதான் அக்காவிடம் சொன்னார்.

நான் எழுதினது. என்ர கையால. வலது கையால, வடிவான எழுத்தில.

4.2.1974 திங்கள்

சுதந்திர தினம். பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றினோம். பிள்ளைகள் பாடினார்கள். நான் வாயை மட்டும் அசைத்தேன்.

வீட்டுக்கு வராமல் நேரே மைமூனாவின் வாசலுக்குப் போனேன். சொல்லாமல் விடலாம். அவள் சாகும்வரை தன் வாயைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பாள். என்னை ஒருநாளும் நினைக்கமாட்டாள். அதை நினைக்கத்தான் எனக்குத் தாங்க ஏலாமல் போனது.

ஸைனுலாப்தீன் உள்ளே படுத்திருந்தார். அவள் உரலடியில் இருந்தாள். நின்றபடியே சொன்னேன். அண்டா, பொட்டு, சந்தேகம், பெட்டிசம் எல்லாம். ஒன்றும் குறைக்கவில்லை.

உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"உன்ட எழுத்தெண்டு மாட்டுப்படாதோ?"

"இடது கையால எழுதினனான்."

"கை நொந்திருக்குமே" என்றாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். எழும்பி உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவும் இல்லை.

5.2.1974 செவ்வாய்

வேறொரு மனு எழுதினேன். பிடிபட்ட அரிசி என் வீட்டுக்காக நான் கேட்டுக் கொண்டுவரச் சொன்னது, கொண்டுவந்தவர் அயலுக்கு உதவியாகச் செய்தார், முன்னே வந்த பெயரில்லாக் கடிதமும் நான் எழுதியதே. கீழே முழுப்பெயர், பள்ளிக்கூடம், விலாசம். உண்மை விளம்பி இல்லை. திருமதி பூரணி இராசையா.

பத்துக் கொத்தும் எனக்கு வரவில்லை என்று மனதுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு எழுதிய முதல் பொய் இது.

இவரிடம் வாசித்துக் காட்டினேன். வேலை போகக்கூடும் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "முத்திரை ஒட்டினியோ?" என்று மட்டும் கேட்டார்.

26.2.1974 செவ்வாய்

எனக்கு எச்சரிக்கைக் கடிதம். இவருக்கு விசாரணை முடிந்து ஒரு வருடச் சம்பள உயர்வு நின்றது. அண்டா வராது.

2.3.1974 சனி

ஸைனுலாப்தீன் திரும்ப லாஞ்சியில். ஜெட்டிப் பக்கம் போன இவர் கண்டாராம். கயிறு போட்டுக்கொண்டு நின்றாராம். கையைக் காட்டவில்லையாம்.

12.3.1974 செவ்வாய்

பின்னேரம் படலையில் சத்தம். "டீச்சர் நிக்கிறாவா?"

குரல் தெரிந்தது, கூப்பிட்ட பெயர்தான் பழக்கமில்லை. போனேன். மைமூனா ரோட்டில் நின்றாள், படலைக்கு வெளியே. கையில் ஒரு சீலைப் பை. தோப்பூரில் அறுவடை முடிந்ததாம், புது அரிசியாம்.

"சட்டப்படி ரெண்டு கொத்துத்தான். நீங்க பயப்படாம வாங்கலாம்."

நீங்க. உள்ளே வா என்றேன். வேலை கிடக்கு என்று சொல்லிவிட்டுப் போனாள். வேலிப் பொட்டில் அந்தக் கிடுகு வெயில் பட்டுப் பழுப்பாகிவிட்டது, கட்டு மூன்றும் அப்படியே இருக்கிறது.

குசினிக்கு வந்து பையை அவிழ்த்தேன். என் புத்தி எங்கே போகும்? கொத்தை எடுத்து அளந்து பார்த்தேன். தலை தட்டி ஒன்று. தலை தட்டி இரண்டு.

பையின் அடியில் இன்னும் ஒரு சுண்டு அரிசி, கால் கொத்து, இருந்தது.

திரும்பவும் அளந்தேன். அப்போதும் ஒரு சுண்டு மிச்சம். அதை மட்டும் ஒரு பேணியில் போட்டு வைத்திருக்கிறேன், இன்னும் சமைக்கவில்லை.