நான் போகாத வியாழக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து சபை வாசலில் நின்றபோது, "அது நான் இல்லை" என்று நான் சொல்லவில்லை. மூன்றே சொற்கள். பாஸ்டர் பக்கத்தில் இருந்தார். விழுங்கிவிட்டேன்.

நீ ஊரை விட்டுப் போகும்போது வெள்ளிக்கிழமை ஜெபக்குழுவை என்னிடம் ஒப்படைத்தாய். பாட்டும் வேதபாடமும் யார் வேண்டுமானாலும் நடத்தலாம், இரண்டு வாரம் வராதவரை மூன்றாம் வாரம் வீடு தேடிப் போவதுதான் தலைவியின் வேலை என்றாய். பாடும்போது எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடுவாரே, அந்தத் தையல்கார அக்கா, கால் விளங்காமல் போய்ப் படுத்த படுக்கையானார். மூன்றாம் வாரமும் வந்தது. வியாழக்கிழமை விடுப்பு எடுத்தும் நான் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நாவலைப் படித்து முடித்தேன். நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து என்ன பேசுவதென்று எனக்குத் தெரிந்ததே இல்லை. ஆனால் வாராந்தர அறிக்கைத் தாளில், "வியாழன் மாலை சந்தித்தேன், ஜெபித்தேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அந்த ஞாயிறுதான் அவருடைய கணவர், லிஃப்ட் மெக்கானிக், என்னைப் பார்த்துக் கைகூப்பினார். "ஊர்ல இருக்கிற லிஃப்டெல்லாம் என் பேச்சைக் கேக்குது, எங்க பில்டிங் லிஃப்டு மட்டும் என்னை மதிக்க மாட்டேங்குது. வியாழக்கிழமை மூணு மாடி ஏறி வந்தீங்க, மூச்சுகூட வாங்கல சிஸ்டர்" என்றார். சிரித்துவிட்டேன். பிறகுதான் கிழமை உறைத்தது.

கதவைத் திறந்தது அவர்தானாம். நான் ஒரு மணி நேரம் அவர் மனைவியின் பாதத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேனாம். டீ வேண்டாம் என்றேனாம். செருப்பில்லாமல் வந்திருந்தேனாம், அறுந்துவிட்டதா என்று கேட்க அவருக்குக் கூச்சமாம். "அடுத்த வியாழன் நாலு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்களாமே. என்ன உடுத்துறதுன்னு இப்பவே என் உசிரை வாங்குறா" என்றார். குழுத் தலைவின்னா இப்படி இருக்கணும் என்று பாஸ்டர் நாலு பேர் கேட்கச் சொன்னார். எங்கே கூட்டிப்போவதாகச் சொன்னேன் என்று நான் கேட்கவில்லை.

சபையில் வேறு சகோதரி யாராவது போயிருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் கதவைத் திறந்த அந்தக் கணவர் இரண்டு வருடமாக வாராவாரம் என் முகத்தைப் பார்க்கிறவர். நாலு முறை போனை எடுத்தேன். உண்மையைச் சொன்னால் இப்போதுதான் தெம்பாகியிருக்கும் தையல்கார அக்கா மறுபடி சாய்ந்துவிடுவாரே என்று சாக்குச் சொல்லி வைத்துவிட்டேன். அவருக்காகவா பயந்தேன்? என் பேர் கெட்டுவிடும் என்றுதான்.

வியாழனன்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு, ஒரு மணி நேரம் முன்னதாக, மூன்று மணிக்கே போனேன். தையல்கார அக்காவிடமே சொல்லி மன்னிப்புக் கேட்பதென்று முடிவு. லிஃப்ட் அன்றும் ஓடவில்லை. படியில் எதிரே யாரும் வரவில்லை. வேறு வழியும் அந்தக் கட்டடத்தில் கிடையாது.

கதவைத் திறந்த கணவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "என்ன சிஸ்டர், எதையாவது மறந்துட்டீங்களா? அவளை எங்க, கீழயே நிக்க வச்சுட்டீங்களா?" என்றார். உள்ளே கட்டில் காலி. போர்வை மடித்திருந்தது. ஒரு மாதமாகத் தரையில் கால் ஊன்றாதவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் முன்புதான் படியிறங்கினாராம், பாடிக்கொண்டே.

அப்போதுதான் அந்த மூன்று சொற்களையும் சொன்னேன். விளையாடுகிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் வெறுங்காலோடு கீழே ஓடினார்.

அக்கா, அந்தத் தையல்கார அக்காவுக்காக முழங்கால் போட்டு ஜெபி. இன்னொன்றும் கேட்கிறேன், மறுக்காதே. இந்த வருடம் உன் வீட்டுக்கு வரும் எண்ணம் எனக்கு இல்லை. நான் வந்து கதவைத் தட்டினால், திறக்குமுன் எனக்குப் போன் செய். நான் எடுத்தேனானால், திறக்காதே. பிள்ளைகளிடமும் சொல்லி வை. கர்த்தர் உங்கள் வாசலைக் காக்கட்டும்.

உன் பிரியமுள்ள தங்கை

தபாலில் போடுமுன்: இன்றோடு பதினொரு நாள். தையல்கார அக்கா வீடு திரும்பவில்லை. அவரை அழைத்துப் போனவள் என்று போலீஸ் புகாரில் என் பெயர் இருக்கிறது.