இனிப்பு கொஞ்சம் தூக்கல்

டிசம்பர் 3, புதன்

காலையில் நாற்பத்தொரு பேருக்கு ரத்தம் எடுத்தேன். யாருக்கும் இரண்டாவது தடவை ஊசி குத்தவில்லை. "எடுத்தாச்சா? தெரியவே இல்லையேம்மா" என்றார் ஒரு பெரியவர். இந்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்குக் கிடைக்கிற அதிகபட்சப் பாராட்டு அதுதான்.

மத்தியானம் சின்னவள் போன் செய்தாள். ஓரகத்தி என்று ஒருத்தி வாய்த்தால் இப்படித்தான் வாய்க்க வேண்டும். புது வீட்டுக்குப் போய்விட்டார்கள் அல்லவா, அதனால் இந்த வருஷம் கிறிஸ்துமஸ் விருந்து அங்கேதானாம். "சமையல் பூரா நானே பாத்துக்குறேன்கா. நீங்க டெசர்ட் மட்டும் கொண்டு வாங்க, போதும்."

மட்டும்!

பதினான்கு வருஷமாக விருந்து என் வீட்டில். சூப்பிலிருந்து கோழிவரை அடுப்படியில் நின்று வேகிறவள் நான். அவள் கடைசியில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தோடு மிதந்து வருவாள். பாக்கெட் கேக்கைப் பிய்த்துப் போட்டு, டின் பழத்தைக் கவிழ்த்து, மேலே க்ரீம். அதைத் தின்றுவிட்டு இவர், "உன் கைமணமே தனிம்மா" என்பார். வருஷம் தவறாமல், அதே வார்த்தை. டின் திறக்கிற கைக்கு என்ன மணம்?

கடைசியில் தின்றதுதான் நாக்கில் நிற்கும், அதனால்தான் என்று என்னை நானே தேற்றிக்கொள்வேன். சரி. இந்த வருஷம் கடைசி என் கையில். எனக்கு ஊரார் புகழ வேண்டாம். இவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும்.

டிசம்பர் 5

என்ன செய்வது? சாக்லெட் கேக் செய்தால் கடையில் வாங்கினேன் என்பார்கள். ஐஸ்கிரீம் போய்ச் சேர்வதற்குள் பாயாசமாகிவிடும். கண்ணாடிக் கிண்ணத்தில் அடுக்கடுக்காக - செத்தாலும் மாட்டேன்.

கேரமல் புட்டிங். பால், முட்டை, சர்க்கரை. ஒளித்துக்கொள்ள எதுவும் இல்லாத பண்டம். வந்தால் வந்தது, இல்லையென்றால் மானம் போனது.

டிசம்பர் 7, ஞாயிறு

சர்க்கரை கருகிவிட்டது. கஷாயம் மாதிரி இருந்தது. இவர் போனில் மேட்ச் பார்த்துக்கொண்டே முழுத் துண்டையும் தின்றார். "எப்படி இருக்கு?" என்றேன். "ம்" என்றார். ஊசியைப் பார்த்து மயங்கி விழுகிறவர்கள்கூட இதைவிடத் தெளிவாகப் பதில் சொல்வார்கள்.

டிசம்பர் 14, ஞாயிறு

தீ அதிகம். உள்ளே முழுக்க ஓட்டை, தேன்கூடு தோற்றது. இவர்: "ம்."

மகள் மட்டும் என் முகத்தையே பார்த்தாள். "ஏம்மா, சித்தியோட போட்டி போடுறியா?" போட்டியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, வாயை மூடிக்கொண்டு சாப்பிடு என்றேன். அவள் கேட்டதில் தப்பில்லை. அதனால்தான் கோபம் வந்தது.

டிசம்பர் 21, ஞாயிறு

வந்துவிட்டது! சின்னத் தீ, முப்பத்தைந்து நிமிஷம், மூடிக்குக் கீழே துணி. கவிழ்த்தபோது ஒரு கீறல் இல்லை. இவர் இரண்டு துண்டு சாப்பிட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு, "காபி இருக்கா?" என்றார்.

பரவாயில்லை. அன்றைக்குச் சொல்வார். நாலு பேர் எதிரில்தான் இவருக்கு வாய் திறக்கும்.

டிசம்பர் 24

சின்னவள் போனில் அழாத குறை. ஒத்திகை பார்த்த கோழி மேலே கரி, உள்ளே பச்சை ரத்தமாம். நாளை காலையிலேயே வர முடியுமா என்கிறாள். எனக்கு எந்த வருஷம் யார் வந்தார்கள்? போக மாட்டேன்.

டிசம்பர் 26, வெள்ளி

போனேன். எட்டு மணி பஸ்ஸில், புட்டிங் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு. இவரும் மகளும் மத்தியானம்தான் வந்தார்கள்.

அவள் அடுப்படியைப் பார்த்தால் பூகம்பம் வந்த வீடு. கோழியை நான் வாங்கிக்கொண்டேன். சூப், உருளைக்கிழங்கு, எல்லாம் என் கைதான். வெளியே சொல்லாதே என்று அவளிடம் நானே சொன்னேன். விருந்துப் பெயர் அவளுக்கே இருக்கட்டும், எனக்கு வேண்டியது வேறு.

கடைசியில் அவளுடைய கண்ணாடித் தட்டில் புட்டிங்கைக் கவிழ்த்து, அவளே கொண்டுபோய் வைத்தாள். இவர் ஒரு ஸ்பூன் வாயில் போட்டார். கண்ணை மூடினார். 

"அடடா! வெண்ணெய்... வெண்ணெய்ம்மா இது! இந்த விஷயத்துல உன்னை அடிச்சுக்க ஆளே கிடையாது" என்றார். சின்னவளைப் பார்த்து.

"ஐயோ அத்தான், இது அக்கா செஞ்சது."

"ஓ." இன்னொரு ஸ்பூன் எடுத்தார். நிதானமாகச் சப்புக்கொட்டினார். "அதான் பாத்தேன். இனிப்பு கொஞ்சம் தூக்கல்."

அடப்பாவி மனுஷா! அதே தட்டு, அதே ஸ்பூன். மூணு வாரமா என் கையால தின்னியே, நாக்கா அது, இல்ல செருப்புத் தோலா? இதெல்லாம் மனசுக்குள். வெளியே சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன். அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

பாத்திரம் கழுவும்போது சின்னவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். "மனசுல வெச்சுக்காதீங்கக்கா. இங்க மட்டும் என்ன வாழுது? உங்க கொழுந்தனார் தினம் தட்டு முன்னாடி உக்காந்தா ஒரே பாட்டுதான். 'எங்க அண்ணி சமையல்ல கால்தூசி பெறுமாடி இது'ன்னு. அந்தப் பயத்துலதான் விருந்துன்னா நான் டின்னைத் தாண்டி எதையும் தொட்டதில்ல."

அண்ணி சமையலா? அந்த மனிதர் என் மேஜையில் உட்கார்ந்து "உப்பு கம்மியோ அண்ணி?" என்பதைத் தவிர வேறு ஒரு வார்த்தை சொன்னதில்லையே! அண்ணனும் தம்பியும் ஒரே வாத்தியாரிடம் படித்திருக்கிறார்கள்.

நான் வைததெல்லாம் இவளை. பதினான்கு வருஷமாக, மனசுக்குள், இதே நோட்டில். வெட்கமாக இருக்கிறது.

டிசம்பர் 29

"என்ன, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டிருக்கே?" என்று இவருக்கு இன்றுதான் கேட்கத் தோன்றியிருக்கிறது. சிலிண்டரில் கேஸ் தீரப்போகிறது என்றேன்.

ஜனவரி 4, ஞாயிறு

மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனேன். சின்னவளும் வந்தாள். ஸ்டேஷன் எதிரில் ஒரு ஹோட்டல், மூன்று பேருக்கும் நூடுல்ஸ். எண்ணெய் மிதந்தது. சுமார்தான், ஆனால் யாரோ செய்து, யாரோ கொண்டுவந்து வைத்தார்கள். நடுவில் சின்னவள் காரணமில்லாமல் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினேன்.

வீடு திரும்பும்போது மணி மூன்று. இவர் அடுப்படியில் ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பாடு எங்க?"

"நாங்க சாப்பிட்டாச்சு" என்றேன்.

 இவர் கூடத்துக்குப் போய்த் தம்பிக்குப் போன் போட்டார். சட்டை மாட்டிக்கொண்டே பேசினார், அங்கே போகலாம் என்ற நினைப்பு போலிருக்கிறது. ஒரு கை உள்ளே போனது. மற்றக் கை அப்படியே நின்றது.

"என்னடா சொல்றே? அங்கயும் சமைக்கலையா?"