எழுபது மில்லிமீற்றர் காற்று

நோபல் பார்க்,
6 ஜூன் 1976

அன்புள்ள ராஜாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் கம்பனியின் மெல்பேர்ன் கிளைக்கு மாற்றம் கேட்டு இங்கே வரலாமா என்று மாத முடிவுக்குள் சொல்லச் சொல்கிறீர்கள். புருஷனும் மனைவியுமாக நான்கு வருடம் நீங்கள் சிட்னியிலும் நான் மெல்பேர்னிலும் இருந்துவிட்டு நான்கு வாரத்தில் பதில் சொல்வது கஷ்டம். யோசிக்கிறேன். அதுவரை வேறு செய்தி.

இங்குள்ள லூத்தரன் தேவாலயத்துக் குழாய் ஓர்கனுக்கு இந்த வருடம் நூறு வயது. கட்டியவர் பிரீட்ரிக் ஹோல்ட்மான் என்ற ஜேர்மன்காரர். அவருடைய வேலைக் குறிப்பேட்டின் பிரதி வந்திருக்கிறது. நூற்றாண்டு மலருக்கு அதை ஆங்கிலத்தில் தரும்படி போதகர் கேட்டார். நான் வேலை செய்யும் நூலகத்தில் ஜேர்மன் வாசிப்பவள் நான் ஒருத்திதான்.

தச்சனின் மகன், பதினான்கு வயதில் தொழில் பழகப் போனவர். நாற்பத்தொரு ஓர்கன் கட்டினாராம். அவருக்குக் கிடைத்த புகழ்மொழிகளை நான் அவ்வளவு நம்பவில்லை. அவருடைய கோபங்களை நம்புகிறேன். சுருதி சேர்க்க இரண்டு பேர் வேண்டும். அவர் உள்ளே குழாய்களுக்கு நடுவில் நிற்பார். மனைவி அன்னா வெளியே, வாசிக்கும் இடத்தில், ஒரு கட்டையை விரலால் அமர்த்திப் பிடித்திருப்பாள். அவர் சொல்லும்வரை விரலை எடுக்கக்கூடாது. அன்னா எடுத்துவிடுவாள். எங்களுடைய தமிழில் சொன்னால்:

"நான் சொல்ல முதல் ஏன் கையை எடுத்தனீர்?"

"சுருதி சேர்ந்திட்டுது. எடுத்தனான்."

திரும்ப அமர்த்தச் சொல்லிக் கேட்டேன், சரியாகத்தான் இருந்தது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். இப்படிப் பதினேழு இடங்கள்.

பெரிய குழாய் பதினாறு அடி. காற்றழுத்தம் எழுபது மில்லிமீற்றர் நீர் உயரம் என்கிறார். அது எவ்வளவு? நீங்கள் எஞ்சினியர், சொல்லுங்கள்.

அன்புடன்,
கலா

மெரிலேண்ட்ஸ்,
11 ஜூன் 1976

அன்புள்ள கலா,

எழுபதாக இருக்கவே முடியாது. அது தேத்தண்ணியை ஊதி ஆற்றுகிற காற்று. பதினாறு அடிக் குழாய்க்கு எழுநூறாவது வேண்டும். நீர் ஒரு சுழியைத் தவறவிட்டிருக்கிறீர். உமக்குச் சிரமம் எதற்கு என்று போதகருக்கு நானே எழுதித் திருத்திவிட்டேன். விலாசம் தொலைபேசிப் புத்தகத்தில் இருந்தது.

ஹோல்ட்மான் பொறுமைசாலி. நானென்றால் கட்டை பிடிக்க வேறு ஆளைப் பார்த்திருப்பேன்.

மாற்றம் பற்றி ஒரு வரியும் இல்லையே. விண்ணப்பப் பாரம் கையில் இருக்கிறது.

அன்புடன்,
விக்னராஜா

நோபல் பார்க்,
17 ஜூன் 1976

ராஜாவுக்கு,

போதகர் உங்கள் கடிதத்தை என் முன்னாலேயே வாசித்தார். எங்கே பார்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை. நான் தனியாக இங்கே வந்தது இதற்காகத்தான். பேராதனையில் என் முதல் விரிவுரையிலேயே பின்வரிசையில் இருந்து என்னைத் திருத்தக் கை தூக்கியவர் நீங்கள். வேறு துறைக்காரர்.

போதகர் ஒரு வளைந்த கண்ணாடிக் குழாயில் தண்ணீர் விட்டு, காற்றுப் பெட்டியில் சொருகிப் பார்த்தார். தண்ணீர் ஏறிய உயரத்தை அளக்க அடிமட்டம் பிடித்தது நான். அறுபத்தொன்பது மில்லிமீற்றர். பிறகு அந்தப் பதினாறு அடிக் குழாயை ஒலிக்க விட்டார். நான் இருந்த கதிரை அதிர்ந்தது.

மாற்றம் பற்றி இப்போது கேட்க வேண்டாம்.

சந்திரகலா

மெரிலேண்ட்ஸ்,
23 ஜூன் 1976

அன்புள்ள கலா,

நூலகத்தில் ஓர்கன் பற்றிய புத்தகம் ஒன்று எடுத்துப் படித்தேன். அழுத்தம் குறைவாக, காற்று தாராளமாகப் போகவேண்டுமாம். படித்துவிட்டு எழுதியிருக்கலாம். உம்மைக் கேட்டுவிட்டும் எழுதியிருக்கலாம்.

பிழை என்னுடையது, உமது மொழிபெயர்ப்பில் ஒன்றையும் மாற்றவேண்டாம் என்று போதகருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை. இத்துடன் இருக்கிறது, உறை ஒட்டவில்லை. பார்த்து, கொடுக்கலாம் என்றால் கொடும்.

பாரத்தையும் நிரப்பவில்லை. முப்பதாம் திகதி ஐந்து மணிக்கு அலுவலகம் பூட்டும். நீர் வேண்டாம் என்றால் கிழித்துவிடுகிறேன். பக்கத்து மேசைச் சிவபாலன், "என்ன அண்ணை, வீட்டிலை கேட்டுத்தான் செய்வீங்களோ?" என்று சிரித்தான். "ஓம், இந்த முறை" என்றேன்.

விக்னராஜா

நோபல் பார்க்,
26 ஜூன் 1976

அன்புள்ள ராஜாவுக்கு,

கடிதத்தைப் போதகரிடம் கொடுத்துவிட்டேன். அதில் இரண்டு எழுத்துப் பிழைகள் இருந்தன. திருத்தவில்லை.

பாரத்தை நிரப்பிக் கொடுங்கள். மெரிலேண்ட்ஸ் வீட்டை மட்டும் விற்கவேண்டாம், ஒரு வருடம் வாடகைக்கு விடுங்கள். இது அவநம்பிக்கைதான், வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

இங்கே வெயில் விழுகிற அறையில் நான் வேலை செய்கிறேன். அதை விட்டுத்தர மாட்டேன். பக்கத்து அறையை உங்களுக்கு ஒழுங்கு செய்து வைக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது. பூட்டு இல்லை. தட்டிவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
கலா