படிவத்தில் மகளுக்கு இடமில்லை

மார்ச் 3, இரவு 11.40

மதிப்பிற்குரிய தையல்காரி அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோயாளிகளுக்கான நம் இணையக் குழுவில் நேற்று ஒரு கேள்வி கேட்டேன். முப்பத்திரண்டு பேர் பூவும் கும்பிடும் கையும் போட்டிருக்கிறார்கள். "தைரியமா இரு தங்கச்சி" என்று ஒன்பது பேர். பதில் மட்டும் யாரும் சொல்லவில்லை. குழுவைப் பார்த்துக்கொள்பவர் 'தையல்காரி' என்ற புனைபெயரில் இருக்கும் நீங்கள் என்று போட்டிருந்ததால் தனியாக எழுதுகிறேன்.

வயது நாற்பத்துநான்கு. இடது மார்பில் புற்றுநோய். ஆறு கீமோவில் மூன்று முடிந்துவிட்டது. வாயெல்லாம் புண். சாப்பாடு இறங்குவதில்லை. இரவு இரண்டு மணிக்கு முனகல் சுவர் வழியாகக் கேட்கிறது. என்ன செய்யலாம்? தயவுசெய்து பூ வேண்டாம்.

இப்படிக்கு,
மாடிவீடு

மார்ச் 4, காலை

அன்புள்ள மாடிவீட்டுக்கு,

பூ அனுப்ப எனக்கும் பொறுமை கிடையாது. ஆறு வருடத்துக்கு முன்னால் எனக்கும் இதே நோய், இதே புண். உப்புத் தண்ணீரால் அடிக்கடி கொப்பளிக்க வேண்டும். காரமும் சூடும் ஆகாது. அடுத்த கீமோவின்போது வாயில் பனிக்கட்டி வைத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். புண்ணுக்குப் பூசும் மருந்தையும் அவரே தருவார்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. உன் முனகல் உனக்கே எப்படிச் சுவர் வழியாகக் கேட்கும்? நீ யார்?

அன்புடன்,
தையல்காரி

மார்ச் 4, இரவு 11.50

அன்புள்ள அக்கா,

மன்னித்துவிடுங்கள். நோய் அம்மாவுக்கு. நான் பத்தாம் வகுப்பு. குழுவில் சேரும் உங்கள் படிவத்தில் நோயாளி, கணவன், மனைவி, பராமரிப்பாளர் என்று நான்கு கட்டம்தான் இருந்தது. பராமரிப்பாளர் என்று போட்டால் என்ன பராமரிக்கிறாய் என்று கேட்பீர்களே என்று பயந்து, அம்மாவாகவே பதிந்துவிட்டேன்.

வீட்டில் எனக்கு எதுவும் தெரியாதாம். முடி கொட்டியதற்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அப்பா சொன்னார். அதே தண்ணீரில்தானே நானும் குளிக்கிறேன்? அலமாரியில் துணிகளுக்கு அடியில் மருத்துவமனைக் கோப்பு இருந்தது. ஜனவரியிலேயே படித்துவிட்டேன். போர்வைக்குள் ஒளித்துத்தான் இதை எழுதுகிறேன். என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிடாதீர்கள். எனக்குக் கேட்க வேறு ஆள் இல்லை.

மாடிவீடு

மார்ச் 6

அன்புள்ள குட்டிக்கு,

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைச் சேர்க்கக் கூடாது என்ற விதியை எழுதியவளே நான்தான். அந்தக் குழுவில் பெரியவர்கள் சாவைப் பற்றியும் பேசுகிறார்கள். உன்னைப் போன்றவர்களுக்கென்று வேறு குழு இருக்கிறதா என்று இரண்டு நாளாகத் தேடினேன். நம் மொழியில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எனக்கே எரிச்சலாக இருந்தது. மற்ற பொறுப்பாளர்களிடம் கேட்டிருக்கிறேன். அவர்கள் முடிவு சொல்லும்வரை எனக்கு மட்டும் எழுது. அதற்குள் உனக்குத் தெரியும் என்பதை அம்மாவிடம் சொல்லிவிடு.

தையல்காரி

மார்ச் 7, இரவு 11.55

அக்கா,

சொல்லிவிடு என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். இன்று அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்னடி, படிக்கலையா?"

"உன்கிட்ட ஒண்ணு பேசணும்மா."

"பரீட்சை முடியட்டும். அப்புறம் நாள் முழுக்கப் பேசு, காது ரெண்டையும் உனக்கே குடுத்திடுறேன்."

சிரித்துக்கொண்டே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். பரீட்சை, பரீட்சை! நான் கணக்கில் தேறினால் அவள் உடம்பு தேறிவிடுமா? நீங்களும் விதி என்கிறீர்கள். எல்லாப் பெரியவர்களும் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளேயிருந்து "பயப்படாதே" என்கிறீர்கள்.

மாடிவீடு

மார்ச் 12, இரவு 11.15

அக்கா, உடனே பாருங்கள். அம்மாவுக்கு நூற்றொன்று காய்ச்சல், நடுங்குகிறாள். "சாதாரண ஜுரம்தான், மாத்திரை எடுத்துக் குடு, அப்பாகிட்ட மூச்சு விடாதே" என்கிறாள். ஆஸ்பத்திரிக்குத் தெரிந்தால் அடுத்த கீமோவைத் தள்ளிவிடுவார்களாம், அது என் பரீட்சை நாளில் வந்து விழுமாம். அப்பா பஸ் டிரைவர், விடிகாலை நான்கு மணிக்கு வேலைக்குப் போக வேண்டும், தூங்குகிறார். மாத்திரை கொடுத்துப் படுக்க வைக்கவா?

மார்ச் 12, இரவு 11.19

கொடுக்காதே. கீமோ நடக்கும்போது காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அப்பாவை எழுப்பு, இப்போதே. கோப்பை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் உண்மையைச் சொல். திட்டினால் திட்டட்டும். போ.

மார்ச் 15, இரவு 10.30

அன்புள்ள அக்கா,

மூன்று நாளாக எழுத முடியவில்லை. அம்மா வார்டில் இருக்கிறாள். காய்ச்சல் இறங்கிவிட்டது. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ரொம்பக் குறைந்திருந்ததாம். காலைவரை விட்டிருந்தால் நிலைமை கைமீறியிருக்கும் என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னார். என்னை வெளியே போகச் சொல்லவில்லை.

அன்று நான் கோப்பைத் தூக்கிக்கொண்டு போய் நின்றதும் அப்பா, "இது உன் கையில எப்படி?" என்றார்.

"ஜனவரியிலேயே படிச்சிட்டேன்பா. சட்டையப் போடுங்க முதல்ல."

அறுபது பேரை ஏற்றி ஓட்டுகிறவர், அன்று பொத்தான் மாட்டத் தெரியாமல் நின்றார். நான்தான் மாட்டிவிட்டேன். டாக்ஸியில் போகும்போது உங்களைப் பற்றியும் சொன்னேன். "வீட்டு விஷயத்தை எவகிட்டயோ போய்ச் சொல்லிருக்கே" என்று ஒரு மூச்சு திட்டினார். பிறகு என் கையை விடவே இல்லை.

இன்று அம்மா, "யாருடி அந்தத் தையல்காரி?" என்று கேட்டாள். எல்லாம் சொன்னேன். "என் பேர்ல நீ வாங்கின அறிவுரையெல்லாம் எங்கே, காட்டு" என்றாள். காட்டவில்லை. கடவுச்சொல்லைக் கேட்டாள். இவ்வளவு நாள் எனக்கென்று இருந்தது இது ஒன்றுதான், அதையும் கேட்கிறாளே என்று ஆத்திரமாக வந்தது. ஆனாலும் கொடுத்துவிட்டேன். படிவத்தில் இருப்பது அவளுடைய வயதும் அவளுடைய நோயும்தானே. கடிதம் எதையும் அழிக்கவில்லை. பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொள்கிறீர்கள் என்று எழுதியதையும் அவள் படிப்பாள். படிக்கட்டும்.

பொறுப்பாளர்கள் முடிவு இனித் தேவையில்லை, நானே போய்விடுகிறேன். நாளையிலிருந்து எழுதப்போவது அம்மா. நன்றாக இருக்கிறேன் என்றுதான் தொடங்குவாள், நம்பாதீர்கள். எங்கே வலிக்கிறது என்று இரண்டாம் தடவையும் கேளுங்கள்.

எனக்குப் பதில் போடாதீர்கள், அக்கா. இனி எனக்கு என்ன தெரிய வேண்டுமோ அதை அம்மாவிடமே கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள்,
குட்டி