ஐந்து மணிக்கு மூடும் நூலகம்

திங்கள்
மேகமூட்டம். மழை இல்லை. பால் வாங்கியாயிற்று. கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும்.

கல்லூரி விண்ணப்பம் எல்லாம் நிரப்பியாயிற்று. போட்டோவும் கட்டுரையும் மட்டும் பாக்கி. ‘எங்கள் கல்லூரிக்கு நீங்கள் எந்த வகையில் பொருந்துவீர்கள்?’ வெள்ளி மாலைக்குள் அனுப்ப வேண்டும். உள்ளூர் வரலாறு, ஓராண்டுப் படிப்பு, சனி ஞாயிறு வகுப்பு. பட்டம் முடித்ததுமே வரலாறு மேலே படிக்க ஆசை. அதற்குள் பத்திரிகை வேலை. இப்போது ஓய்வு பெற்றாயிற்று. இந்த வருடம் விட்டால் அடுத்த வருடம் இந்தத் தெம்பு இருக்குமா, தெரியாது.

மனைவி வசந்தா: “ஊருக்கெல்லாம் எழுதினீங்க. உங்களுக்கு எழுத இன்னா கஷ்டம்?”

செவ்வாய்
வெயில். பஸ் பிடித்துக் கல்லூரிக்கே போனேன். நேரில் பார்க்காமல் எழுதிப் பழக்கமில்லை. காவலாளி, இரண்டு மாணவிகள், கேண்டீன்காரர் ஆகியோரிடம் பேச்சு. நூலகத்தில் வெளியாருக்கு அனுமதி இல்லை என்றார்கள். வாசல் பலகையைக் குறித்துக்கொண்டேன்: மாலை ஐந்து வரை.

வந்ததும் ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். திருப்தி.

சாயங்காலம் டீக்கடையில் கரீம் பாயிடம் காட்டினேன். என் செய்திக்கெல்லாம் படம் எடுத்தவர், ஒரே வண்டியில் அலைந்தவர். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இன்னாபா இது? காலேஜ்ல சேர எழுதினியா, காலேஜுக்கு சீல் வெக்க எழுதினியா?”

மூன்றாவது பத்தி: மாடியில் குடிநீர் வரவில்லை, நூலகம் சீக்கிரம் மூடப்படுகிறது, மாணவிகள் ஆதங்கம். நல்லது இரண்டு பத்தி எழுதினால் குறை ஒரு பத்தி. கை தானாக எழுதியிருக்கிறது.

“அத்தவுடு. இதுல உன்னையே காணோமே? நீ எங்க கீற?”

டீக்கு அவரே கொடுத்தார்.

புதன்
காலையிலிருந்து பக்கத்து வீட்டில் தறி ஓடவில்லை. அந்த அமைதியிலும் ஒரு வரி வரவில்லை.

வசந்தா பட்டுக்கடை வேலை முடிந்து வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் கட்டுரையைப் படித்தாள். “வெள்ளம் வந்தப்ப எங்க உக்காந்துக்கினு நியூஸ் அனுப்பினீங்க? அது எங்க இதுல?”

அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது எங்கள் அலுவலகத்துக்குள் தண்ணீர், ஊரெல்லாம் கரண்ட் இல்லை. இதே கல்லூரியின் நூலகத்தில் ஜெனரேட்டர் ஓடியது. நூலகர் கஸ்தூரியம்மா நான் யாரென்று கூடக் கேட்கவில்லை. ஜன்னலோர மேசையைத் துடைத்துக் கொடுத்தார். இரவிலும் வீட்டுக்குப் போகாமல் இருந்தார். ஃபிளாஸ்கில் காபி. லைன் அறுந்து அறுந்து வரும். ஒவ்வொரு தடவையும் “நியூஸ் போச்சா சார்?” என்று கேட்பார். காத்திருந்த நேரத்தில் அலமாரியிலிருந்து பழைய ஊர் வரலாறு ஒன்றை எடுத்துப் படித்தேன். எங்கள் தெரு அதில் இருந்தது. பழைய ஆசை திரும்பியது அங்கேதான்.

செய்தியில் இதெல்லாம் வராது. செய்தி எழுதிய இடம் செய்தி ஆகாது.

வியாழன்
தூறல். கேஸ் வந்தது. புதிதாக எழுதினேன். முதல் வரியிலேயே அந்த மேசை.

கரீம் பாய் விண்ணப்பத்துக்குப் படம் எடுக்க வந்தார். “கொஞ்சம் சிரிபா. போலீஸ் ஸ்டேஷன்ல எடுத்தது மாதிரி இருக்குது.” கட்டுரையைப் படித்தார். என் தோளைத் தட்டினார்.

குடிநீரை எடுத்துவிட்டேன். நூலக நேரம் மட்டும் ஒரு வரி இருக்கிறது. அன்று ஐந்து மணிக்கு மூடியிருந்தால் எனக்கு அந்த மேசை இல்லை. வசந்தாவும் “அது இருக்கட்டும்” என்றாள். அவளே ‘அனுப்பு’ பட்டனை அழுத்தினாள். போய்விட்டது.

அடுத்த புதன்
நேர்காணல். சுள்ளென்று வெயில். வசந்தா இஸ்திரி போட்ட சட்டை.

முதல்வர் அம்மையார் கையில் என் கட்டுரை. நூலக வரியின் கீழ் பென்சில் கோடு.

“நூலகத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மறுப்பு அனுப்பலாமா?”

“அனுப்புங்க மேடம். அப்படியே போட்டுடலாம்.”

சிரித்துவிட்டார். “மறுக்க ஒன்றும் இல்லை. உண்மைதான். சனிக்கிழமை வந்து சேருங்கள்.”

வசந்தாவுக்கு போன். கரீம் பாய்க்கு போன். இருவரிடமும் நன்றி சொல்ல வாயெடுத்தேன். இருவரும் சொல்ல விடவில்லை.

ஐந்தாகப் போகிறது. நூலகத்துக்கு ஓடினேன். கஸ்தூரியம்மா ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருக்கிறது. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நியூஸ் போச்சா சார்?”

“போச்சும்மா. இப்பதான் போச்சு.”