உன் வேண்டுதலும் தம்பியின் மாத்திரையும்

பூதலூர் அருகில்,
20-5-1986

அன்பு மகள் செவ்வந்திக்கு அப்பா எழுதுவது.

நாக்பூர் வெயிலில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று ஒரு வரி போட்டுவிட்டு மற்ற சங்கதிக்குப் போகத்தான் ஆசை, ஆனால் முக்கால்வாசிதான் சுகம், மீதிக் கால்வாசிக்காகத்தான் இந்தக் கடிதம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், உன் தம்பி இராஜாங்கம் உயிரோடு இருக்கிறான், எழுந்து நடமாடுகிறான். இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படி. ஆபீசில் வைத்துப் படிக்காதே, வீட்டுக்குப் போய் முகம் கழுவி ஒரு டீ குடித்துவிட்டுப் படி. தந்தி கொடுக்கலாமே என்று அம்மா சொன்னாள். தந்தி என்றால் நீ வழியெல்லாம் அழுதுகொண்டு ரயிலில் வருவாய், இங்கேயோ தந்தி என்ற சொல் தெருவில் காதில் விழுந்தாலே பாடை கட்ட மூங்கில் தேடக் கிளம்பிவிடுவார்கள். அதனால்தான் எக்ஸ்பிரஸ் தபால்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது மாரியம்மன் கோயிலில் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நீ வேண்டிக்கொண்டாய், அவன் பழையபடி வயலில் இறங்கி வேலை செய்கிற நிலைக்கு வந்துவிட்டால் காப்புக் கட்டிக்கொண்டு ஒரு மண்டலம் உப்பில்லாமல் சாப்பிடுவான் என்று. நான் வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கறுப்புச் சட்டை போட்ட நாளிலிருந்து நான் அந்த வாசலை மிதித்ததில்லை என்பது உனக்குத் தெரிந்ததுதான். ஆடு கேட்காமல் கோழி கேட்காமல் உப்பை மட்டும் கேட்கிறதே, ரொம்பச் சிக்கனமான சாமி என்று கேலி செய்தேன், நீயும் சிரித்தாய். அந்த வேண்டுதலை அவன் எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தான் என்பது பங்குனியில்தான் எங்களுக்குத் தெரிந்தது. உளுந்து பறிக்க எல்லோரோடும் வயலில் இறங்கினான், அன்று சாயங்காலமே போய்க் காப்புக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

அவனுக்கு நோய் வந்த கதையை நீ கடிதத்தில் படித்தவள், நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். உபரி நிலத்தில் நமக்குப் பட்டா வந்து, உடனே மிராசு வீட்டார் கோர்ட்டில் தடை உத்தரவு வாங்கி, நட்டதை நாமே அறுக்க முடியுமா முடியாதா என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்த வருஷம் அது. இவன் தூங்குவதை நிறுத்தினான். கயிறும் மூங்கில் முளையும் எடுத்துக்கொண்டு மிராசு வயலையெல்லாம் அளந்து முளை அடித்தான். விவசாயச் சங்கத்துக்காரர்கள் முதல் நாள் கைதட்டினார்கள், செல்லதுரை மகனப் பாருங்கடா, இவன்தான்டா ஆம்பள என்றார்கள். அடுத்து ரயில்வே பிளாட்பாரத்தை அளந்தான். அதற்கும் அடுத்து தாலுகா ஆபீஸ் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, என்னைய சர்க்காரே போட்டிருக்கு, ஜில்லா பூரா பங்கு வைக்கணும் என்று வந்தவர் போனவருக்கெல்லாம் நிலம் ஒதுக்கினான். அப்போதுதான் கைதட்டியவர்கள் தலையைச் சொறிந்தார்கள். அந்த வருஷம் எல்லோரும்தானே தூங்காமல் கத்திக்கொண்டிருந்தோம், அதில் ஒருவனுக்கு மட்டும் நிறுத்த முடியவில்லை என்று யாருக்குத் தெரியும் ஆயி. பிறகு அதே பிள்ளை மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்தான், சோறு வேண்டாம், குளிப்பு வேண்டாம், நான் எதுக்கு இருக்கேன் என்று கேட்டான். அந்தக் கேள்வி இப்போதும் என் காதைவிட்டுப் போகவில்லை.

தஞ்சாவூர் டாக்டர் ஜெய்னுலாபுதீன்தான் அவனை எழுப்பி உட்கார வைத்தவர். மனசு ஒரேயடியாக ஏறுவதும் ஒரேயடியாக இறங்குவதும் ஒரே நோய்தான், சர்க்கரை வியாதி மாதிரி இதுவும் ஒரு வியாதி, லித்தியம் என்ற மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, அவ்வப்போது இரத்தம் சோதித்துக்கொண்டால் இவன் கல்யாணம் கட்டிக் குடும்பம் நடத்தலாம் என்றார். அவர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து நான் பாதி டாக்டராகிவிட்டேன். திருவையாற்றுப் பக்கத்து அம்மாள் ஒருத்தி, கை கழுவிக் கழுவித் தோலே உரிந்துபோனவள், அவளை அழுக்குத் துணியைத் தொடவைத்துக் கழுவாமல் கொஞ்ச நேரம் இருக்கப் பழக்கினார்கள், நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள், மாத்திரையும் உண்டு. கடைசியில் அவளே எனக்குத் தன் டம்ளரில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். நெஞ்சு அடைக்கிறது, இதோ சாகப் போகிறேன் என்று ஊரிலுள்ள இருதய டாக்டரையெல்லாம் பார்த்துவிட்டு வந்த பாங்க்காரர் ஒருவர், அவருக்கு வந்திருந்தது பயம்தான், இருதயம் கல்லு மாதிரி இருந்ததாம். பிள்ளை பெற்றதும் பிள்ளையைத் தொடவே பயந்து அழுத பெண், யாரும் பேசாமலே குரல் கேட்கிற வாத்தியார் என்று எத்தனை பேர். கரண்ட் வைப்பார்களோ என்று உன் அம்மா நடுங்கினாள். சோறு தண்ணி இறங்காமல் உயிருக்கே ஆபத்து என்று ஆனவர்களுக்குத்தான் அது, அதுவும் மயக்க மருந்து கொடுத்துத் தூங்கவைத்துத்தான், இவனுக்குத் தேவையே இல்லை என்றார் டாக்டர். பேய், செய்வினை என்று வந்தவர்களையெல்லாம் நான் வாசலோடு திருப்பி அனுப்பினேன், அதில் எனக்குக் கர்வம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். உப்பில்லாத கஞ்சியைக் குடித்துவிட்டுச் சித்திரை வெயிலில் வாய்க்கால் தூர் வாரப் போனான். வேர்வை ஆறாக ஊற்றியது. டாக்டரிடம் சொல்லவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பக்கத்து வீட்டு ரெங்கம்மாளுக்குப் பிரஷர் என்று அவளுடைய டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார், அதனால் உப்பில்லாமல் தின்பது உடம்புக்கு நல்லதுதான் என்று அம்மா நினைத்தாள். சாமி காரியத்தைப் போய் டாக்டரிடம் யார் சொல்வார்கள். முதலில் கை நடுங்கியது, டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு. ஒரு நாள் காலையில் நாக்குக் குழற, கால் பின்ன, உடம்பெல்லாம் உதறிக்கொண்டு தெருவில் வந்து நின்றான். கையில் மஞ்சள் காப்பு, உடம்பில் நடுக்கம், கேட்கவேண்டுமா, அம்மன் இறங்கிட்டா என்று தெருவே கூடிவிட்டது. வேப்பிலையைக் கையில் கொடுத்தார்கள், குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், அதோடு விட்டார்களா, தாயே, தடை உத்தரவு எப்ப நீங்கும், நெலம் நமக்கா மிராசுக்கா சொல்லு தாயே என்று சங்கத்துத் தங்கையனே கைகட்டி நின்று கேட்டான். இராஜாங்கம் ஏதோ குழறினான், அதற்கு ஆளுக்கொரு அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் களத்திலிருந்து வந்து பார்க்கிறேன், என் பிள்ளையின் கண் சொருகிக்கொண்டு போகிறது. சாமியை நம்பாதவன் என்பதால் எனக்கு நோயாளி மட்டும்தான் தெரிந்தான். கூட்டத்தைக் கெட்ட வார்த்தையால் விலக்கி, பால் வண்டியை மறித்து, அவனைக் கேன்களுக்கு நடுவில் கிடத்திக்கொண்டு தஞ்சாவூர் போனேன். என்னைய எங்கப்பா கொண்டுபோறீங்க என்று ஒரு தரம் கேட்டான். அந்த வழி முழுவதும் நான் பட்டதை எழுத எனக்குக் கை வரவில்லை.

ஏதாவது பத்தியம் இருக்காராம்மா என்று டாக்டர் கேட்ட பிறகுதான் உன் அம்மா வாயைத் திறந்தாள். அவர் திட்டவில்லை. இந்த மாத்திரையே ஒரு வகை உப்புதாம்மா, நாம திங்கிற உப்பு கொறைஞ்சு போச்சுன்னா ஒடம்பு இத வெளிய விடாம புடிச்சு வச்சுக்கும், வேர்வையும் பேதியும் சேர்ந்தா மருந்தே வெஷமாயிடும் என்றார். மாத்திரையை நிறுத்தி, பாட்டில் பாட்டிலாக உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். ஒரு வாரத்தில் தெளிந்தான். கை நடுக்கம் போய்விட்டது, என்னை அப்பா என்று திருத்தமாகக் கூப்பிட்டான், அன்றைக்கு நான் அழுதேன், அதை அம்மா எழுதச் சொன்னாள்.

செவ்வந்தி, இங்கே நிறுத்தி மூச்சு விட்டுக்கொள். உன்னால்தான் இப்படி ஆயிற்று என்று நினைக்கப் போகிறாய். நினைக்காதே. தம்பி நன்றாக இருக்கவேண்டும் என்று நீ உன் நம்பிக்கைப்படி கேட்டாய், அதில் பிழை ஒன்றும் இல்லை. உன்மேல் ஒருவருக்கும் வருத்தம் கிடையாது, டாக்டரும் இது பல வீட்டில் நடப்பதுதான், இனிமேல் நான் முதலிலேயே விரதத்தைப் பற்றிக் கேட்பேன் என்றார்.

ஆனால் விவகாரம் முடியவில்லை, அதுதான் என்னைக் கடித்துத் தின்கிறது. வீட்டுக்கு வந்ததும் பூசாரி ஒரு குண்டு போட்டார், பாட்டிலில் உப்பு ஏறிவிட்டதால் விரதம் முறிந்துவிட்டதாம், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம். இவன் அப்படியே பிடித்துக்கொண்டான். குறைந்த அளவில் மாத்திரையைத் திரும்பத் தொடங்கவேண்டும் என்று டாக்டர் கொடுத்து அனுப்பியிருக்கிறார், இவன் தொடமாட்டேன் என்கிறான். ரெண்டும் சேர்ந்தா ஆகாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு, அக்கா வேண்டுதல மொதல்ல முடிக்கிறேன், அப்பறம் மாத்திர என்கிறான். கேட்டால் நியாயம் மாதிரி இருக்கிறது, அதுதான் கஷ்டம். அதற்குள் இவன் மேலே ஏறத் தொடங்கிவிட்டான். பேச்சில் வேகம் வந்துவிட்டது, ஒரு வாக்கியம் முடியுமுன் அடுத்தது. விடியுமுன் எழுந்து முகச்சவரம் செய்துகொள்கிறான். பரணிலிருந்து நிலம் அளந்த அந்தக் கயிற்றை எடுத்து அளவுக்கு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறான். நிலக் கணக்குப் பார்க்கிற ஜமாபந்திக்கு அதிகாரிகள் எல்லோரும் தாலுகா ஆபீசுக்கு வருகிறார்கள், நானே நேரா பேசிக்கிறேன் என்கிறான். போனமுறையே மிராசு வீட்டார், பட்டா குடுத்தது பைத்தியத்துக்கு என்று சிரித்தார்கள். அவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும், எனக்கு அது பெரிதில்லை. ஏறினவன் மறுபடி இறங்குவானே, சுவரைப் பார்த்துப் படுப்பானே, அந்தக் கேள்வியைக் கேட்பானே, அதை நினைத்தால் எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மேட்டூர் அணை திறக்கிற நேரம் நெருங்குகிறது, விதை நெல் காயப் போட வேண்டும், ஒன்றிலும் மனம் செல்லவில்லை.

அதனால் ஒரு காரியம் செய்தேன். சிரிக்காதே. போன வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குள் போனேன். பூசாரியைக் கூப்பிட்டேன். அவன் கடனை அப்பன் நான் தீர்க்கிறேன், அதுக்கு வழி இருக்கா இல்லையா என்று கேட்டேன். பெத்தவரு ஏத்துக்கலாங்க என்றார். காப்பை என் கையில் கட்டிக்கொண்டேன். ஒரு மண்டலமும் எனக்குத்தான் உப்பு கிடையாது, எனக்கு மாத்திரையும் கிடையாது, பிரஷர்தான் உண்டு, ஆகவே லாபம். தோழர் கையில மஞ்சக் கயிறா என்று டீக்கடையில் கேட்காத ஆளில்லை, தங்கையன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். கஞ்சியை வாயில் வைக்க முடியவில்லை. உன் அம்மா காளியம்மாள் எனக்கு உப்பில்லாமல் தனியாகக் குழம்பு வைக்கிறபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள், பிறகு அழுகிறாள்.

இத்தனை செய்தும் தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. வேண்டிக்கிட்டது அக்கா, அக்கா வாயால சொல்லணும் என்று ஒரே பிடி. ஆகவே இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அவனுக்கு எழுது. என் பெயருக்குப் போடாதே, நான் படித்துக்காட்டினால் அப்பா சொந்தமாகச் சேர்த்துச் சொல்கிறார் என்பான். இராஜாங்கம் என்று அவன் பெயர் போட்டே அனுப்பு. நீளமாக வேண்டாம், நோய் பற்றி விளக்கம் வேண்டாம், அறிவுரை வேண்டவே வேண்டாம். வேண்டுதலை அப்பாவிடம் மாற்றிவிட்டேன், நீ மாத்திரையைப் போட்டுக்கொண்டு உப்புப் போட்டுச் சாப்பிடு என்று எழுதினால் போதும்.

இன்னொன்று, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார், இது இரத்தத்தோடு வரக்கூடியதுதானாம். பயப்படச் சொல்லவில்லை. ஆனால் தூக்கம் குறைந்து, சந்தோஷமோ துக்கமோ அளவுக்கு மீறிப்போகிறது என்று தோன்றினால் மறைக்காமல் எழுது, அங்கேயே நல்ல டாக்டரைப் பார். வேளைக்குச் சாப்பிடு, தண்ணீரைக் காய்ச்சிக் குடி. நீ நீண்ட ஆயுளோடு, மனநிம்மதியோடு இருக்கவேண்டும், அதைத் தவிர எனக்கு ஆசீர்வாதம் சொல்லத் தெரியாது. அம்மன் துணை என்று எழுதச் சொல்லி உன் அம்மா பக்கத்தில் நிற்கிறாள், அவளுக்காக எழுதிவிட்டேன்.

எழுதக் கை தயங்கினால், வாக்குத் தவறினால் அம்மன் கோபிப்பாளோ என்று பயம் வந்தால், இதை நினைத்துக்கொள். அவளுக்கும் எனக்கும் முப்பது வருஷப் பகை, கோபத்தையெல்லாம் என்மேல் வைத்துக்கொள்ளட்டும், கணக்கில் இன்னொன்று கூடினால் எனக்கு ஒன்றுமில்லை. என் பிள்ளையை மட்டும் விட்டுவிடும்படி நீ அவளிடம் சொல், ஆயி.

உன் அப்பா,
செல்லதுரை