பராமரிக்க மகள் உண்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று முதலில் வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் தாத்தாவும் என்று எழுதியவுடன் கை நின்றுவிட்டது, ஏனென்றால் எப்போதும் இந்த இடம் வந்தால் தாத்தா "சுகமா இருக்கோம்னு போடு" என்பார், நானும் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். இன்று அவர் சொல்லி நான் எழுதவில்லை. அவர் தூங்குகிறார். விளக்கைப் போட்டால் விழித்துக்கொள்வார் என்று கதவை ஒரு கை அகலம் திறந்து வைத்து, வராந்தா பல்பின் வெளிச்சம் தரையில் விழும் இடத்தில் குப்புறப் படுத்து எழுதுகிறேன். யாராவது மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டால் காகிதத்தின் மேல் கையை வைத்து மூடிக்கொள்கிறேன். போனில் சொல்ல வேண்டியதுதானே என்று நினைப்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது என் பக்கத்தில் தாத்தா காதை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், உன் பக்கத்தில் நீ வேலை செய்யும் வீட்டு அம்மா நிற்பது அவர் இருமுவதிலேயே எனக்குத் தெரிகிறது. இவரும் நன்றாக இருக்கிறேன் என்பார், நீயும் நன்றாக இருக்கிறேன் என்பாய், நடுவில் நான் போனைப் பிடித்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான் நம் பேச்சு.

தாத்தாவுக்குக் கண் தெரியவில்லை அம்மா. கொஞ்சம் மங்கல் என்று போன கடிதத்தில் எழுதச் சொன்னார், அது கொஞ்சம் இல்லை. சுண்ணாம்புத் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து பார்ப்பது போல இருக்கிறது என்று ஒருநாள் என்னிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டார். டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றுகிறார், பிறகு டம்ளர்தான் ஆடுகிறது என்று அதன் மேல் பழி போடுகிறார். மாடிப்படி இறங்கும்போது சுவரைத் தடவிக்கொண்டே இறங்குவார், யாராவது எதிரே வந்தால் சுவரில் விரிசல் பார்ப்பது போல நின்றுகொள்வார், பெயிண்டர்தானே என்று அவர்களும் நம்பிவிடுகிறார்கள். கீழ்க்கடைத் தையல்காரரை உனக்கு நினைவிருக்கும், தாத்தாவின் சீட்டுக்கட்டுச் சிநேகிதர், அவரிடம் மட்டும் இந்த வேஷம் செல்லவில்லை. எனக்குச் சுவத்துல உக்கார்ற ஈ கூடத் தெரியும் என்று தாத்தா சொன்னதற்கு அவர், "ஈ தெரியுது சரி பெயிண்டரே, காலையில உன் மேல ஏறப் பாத்த லாரி தெரியலையா?" என்று கேட்டுவிட்டார். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. எனக்குப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் அந்த லாரி ஞாபகம்தான். மணி அடித்ததும் ஓடி வருகிறேன், தெருமுனையில் கூட்டம் எதுவும் நிற்கவில்லை என்று பார்த்த பிறகுதான் நடக்கிறேன்.

சாப்பாட்டு விஷயமும் சொல்லிவிடுகிறேன். மத்தியானம் டீக்கடையில் ரொட்டி தின்றுவிட்டேன், உன் பங்கை நீ சாப்பிடு என்று சாயங்காலம் தட்டை என் பக்கம் தள்ளிவிடுவார். போன வாரம் அந்த டீக்கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு, "என்ன பாப்பா, தாத்தாவை ஆளையே காணோம், கடையை மாத்திட்டாரா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது. நீ பணம் அனுப்பவில்லை என்று குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டுப் பெரியவரின் வைத்தியச் செலவு முடியட்டும் என்று உன் சம்பளத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று நீ எழுதியதைத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். அந்தப் பெரியவரைத் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, ஊட்டிவிடுகிறாய் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். "குடுத்து வச்ச மனுஷன்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வயதானவர்களுக்கு அரசாங்கம் மாதா மாதம் உதவிப் பணம் கொடுக்கிறதாம், அது கிடைத்துவிட்டால் கண் ஆபரேஷன் இலவசம், நடக்க முடியாதவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு வீட்டுக்கே வருமாம். தையல்காரருக்கு எல்லாம் வருகிறது. அவர்தான் தாத்தாவைப் பிடித்து உலுக்கினார். நாதியத்தவன் வாங்குறது அது, எனக்கு என்ன குறை என்றார் தாத்தா. அதற்கு அவர் தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு, "அப்ப நான் நாதியத்தவனா? ஊர்ல பாதிச் சுவரு நீ அடிச்சது. அந்தக் கூலி பாக்கியைக் குடுக்குறாங்கன்னு நினைச்சு வாங்கிக்கயேன், வெட்டி வீராப்பு!" என்று கத்தினார். தாத்தா என் பக்கம் திரும்பி, சரி போய்த்தான் பார்ப்போம் என்றார். நான் சந்தோஷப்பட்டேன். அவர் எப்படிக் கிளம்புவார் என்று நான் யோசிக்கவில்லை. மறுநாள் பார்த்தால் சவரம் செய்து, கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, தையல்காரரிடமே கைக்கடிகாரம் இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஆபீஸுக்குப் போகும்போது அழுக்காகவா போவார்கள் என்று கேட்கிறார். தையல்காரர் தலையில் அடித்துக்கொண்டார், "பொண்ணு பாக்கவா போற?" என்று.

அந்த ஆபீஸ் ஒரு நீள அறை. பெஞ்சு முழுக்க வயதானவர்கள், எல்லோர் மடியிலும் ஒரு பை, யாரும் யாரோடும் பேசவில்லை. காத்திருந்த நேரத்தில் தாத்தா பின்பக்கச் சுவரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பட்டி பூசிச் சமன் பண்ணாமலே பெயிண்ட் அடிச்சிருக்கான், அடுத்த மழைக்கு உரியும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவருக்குக் காது கேட்கவில்லை போலிருக்கிறது. முறை வந்ததும் கவுண்ட்டரில் இருந்த அம்மா முகத்தைத் தூக்கி முதலில் சட்டையைப் பார்த்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். உங்களைப் பராமரிக்க ஆள் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் அம்மா. தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏன் இல்லாம? எனக்கு மக இருக்கா. வெளியூர்ல பெரிய வேலை. மாசம் பொறந்தா பணம் வந்து நிக்கும். அப்பா இது வாங்குனியா, அது வாங்குனியான்னு கேட்டுக்கிட்டே இருப்பா" என்றார். எவ்வளவு அனுப்புவார் என்று அந்த அம்மா கேட்டார். தாத்தா ஒரு தொகை சொன்னார். நீ நன்றாக அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில்கூட அதில் பாதியை நாம் கண்ணால் பார்த்ததில்லை. நான் அவர் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தேன், அவர் என் கையைத் தட்டிவிட்டார். 'பராமரிக்க மகள் உண்டு' என்று அந்த அம்மா எழுதி, இவருக்கு உதவி தேவையில்லை என்று முடித்துவிட்டார். வெளியே வந்ததும் தாத்தா நிம்மதியாக மூச்சு விட்டு, "பாத்தியா, நமக்கு இது வேண்டாம்னு அவங்களே சொல்லிட்டாங்க" என்றார். வீடு வரும்வரை உன்னைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார், நீ சின்ன வயதில் அவருடைய ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது, யார் கூப்பிட்டாலும் கையை எடுக்காமல் இருந்தது, எல்லாம்.

மறுநாள் கடைசி வகுப்புக்கு நிற்காமல், தையல்காரரிடம் மட்டும் சொல்லிவிட்டு, நான் தனியாக அந்த ஆபீஸுக்குப் போனேன். சீருடையோடு போனதால் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அந்த அம்மாவிடம் நேற்று தாத்தா சொன்னதெல்லாம் உண்மை இல்லை, அவருக்குக் கண்ணும் தெரியவில்லை என்று சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இல்லாததைச் சொல்லிப் பணம் கேக்கறவங்களைத் தினம் பாக்கறேன். இல்லாததைச் சொல்லி வேண்டாம்னு எழுந்து போறவரை நேத்துதான் பாத்தேன்" என்றார். சிரித்தார், ஆனால் கேலி இல்லை. மறுபடி விண்ணப்பம் போடலாமாம், மாதம் முடிவதற்குள் விசாரிக்க ஓர் ஆள் வீட்டுக்கு வருவாராம். ஆனால் மகள் உண்டு என்று அவர் வாயால் சொல்லிப் பதிவாகிவிட்டதால், அந்த மகளே தன் கைப்பட எழுதித் தர வேண்டுமாம், என் தகப்பனாரைப் பராமரிக்க எனக்கு வசதி இல்லை என்று. நீ இருக்கும் ஊரில் ஓர் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்க வேண்டுமாம். இதை நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். அப்புறம்தான் வீட்டில் வேறு யார் என்று கேட்டார், நானும் தாத்தாவும்தான் என்றேன். கண்ணு தெரியாத பெரியவரும் நீயும் மட்டுமா என்று மெதுவாகக் கேட்டார். விசாரிக்க வருகிறவர் அதையும் குறித்துக்கொண்டு போனால் என்னை விடுதிக்கும் தாத்தாவை முதியோர் இல்லத்துக்கும் அனுப்பச் சொல்லி எழுதிவிடலாமாம். இரண்டு பேரையும் ஒரே இடத்தில் போட மாட்டார்களா என்று கேட்டேன். "அப்படி ஒரு கட்டடம் இன்னும் கட்டலைம்மா" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, என் மகள் என் சம்மதத்தோடுதான் தாத்தாவிடம் வளர்கிறாள், அங்கேயே இருக்கட்டும் என்று அம்மாவை அதே கடிதத்தில் ஒரு வரி சேர்த்து எழுதச் சொல், அந்த வரி இருந்தால் நான் எடுத்துப் பேசுகிறேன் என்றார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. உண்மையைச் சொன்னால் பிரித்துவிடுவார்களோ என்று பயம், சொல்லாவிட்டால் தாத்தா ஒருநாள் படியில் விழுந்துவிடுவார் என்று பயம். பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கிறது, டிவி சத்தம் மட்டும் கேட்கும், அது கேட்கிறவரை பரவாயில்லை, அதையும் நிறுத்திவிட்டால் இந்த மாடி முழுக்க நான் மட்டும் விழித்திருக்கிறேன் என்று தோன்றும். நீ எழுத வேண்டியதை நானே எழுதிப் பார்த்தால் உனக்குச் சுலபமாக இருக்குமே என்று இப்போது ஒரு காகிதத்தில் ஆரம்பித்தேன். 'என் தகப்பனாரை' என்பதற்கு மேல் எழுத முடியவில்லை. உனக்கு எப்படி முடியும் என்று எனக்குத் தெரியவில்லை அம்மா, இருந்தாலும் நீ எழுத வேண்டும்.

இதற்கு மேல் எழுத்து கோணலாக இருக்கும், மன்னித்துக்கொள். தாத்தா விழித்துக்கொண்டுவிட்டார். என்ன, பரீட்சையா என்று இருட்டில் இருந்து கேட்டார். ஆமாம் என்றேன். "பரீட்சைக்குப் படிக்கறவ பக்கம் புரட்டுவா. நீ எழுதிக்கிட்டே இருக்க. அம்மாவுக்கா?" என்றார். நான் பேனாவை மூடினேன். "அந்த ஆபீஸுக்கு நீ தனியாப் போனது தெரியும். தையல்காரன் ஊசியைக்கூட வாயில வச்சுப்பான், ஒரு சேதியை வச்சுக்க மாட்டான். என்ன வேணுமாம் அவங்களுக்கு?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன், விடுதி விஷயத்தையும். சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. தாத்தா எழுந்து உட்கார்ந்தார். பிறகு, அவ கைப்படத்தான் எழுதணுமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நானே போய் மக இல்லைன்னு சொன்னா ஆகாதா என்று கேட்டார். ஆகாது தாத்தா, உண்டு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் என்றேன். "சரி, எழுதட்டும். வந்தா எனக்குப் படிச்சுக் காட்டாத. நேரா கொண்டுபோய்க் குடுத்துடு. விசாரிக்க வர்ற ஆளுகிட்டயும் நீயே பேசு, நான் வாயைத் திறக்கலை" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தூங்கவில்லை, தூங்கினால் முதுகு அசைவது வேறு மாதிரி இருக்கும்.

அந்தப் பெரியவரைத் தூக்கும்போது இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொள். அந்த வீட்டில் எல்லோரும் சாப்பிடட்டும் என்று காத்திருக்காதே. உனக்கு ஆசீர்வாதம் சொல்லும் வயது எனக்கு இல்லை, தாத்தாவின் ஆசீர்வாதத்தை அவரைக் கேட்காமலே எழுதுகிறேன், நீ எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்றை மறக்காதே. மாதம் முடிவதற்குள் விசாரிக்க ஆள் வந்துவிடுவார், அதற்குள் முத்திரை வைத்த கடிதம் என் கையில் இருக்க வேண்டும், என்னைப் பற்றிய வரியும் அதில் இருக்க வேண்டும். அதைத் தனி உறையில் போட்டுப் பள்ளிக்கூட விலாசத்துக்கு அனுப்பு. வீட்டுக்கு, தாத்தா பெயருக்கு, வேறு ஒரு கடிதம் எழுது. அப்பா இது வாங்கினாயா, அது வாங்கினாயா என்று நிறையக் கேட்டு எழுது. அதை நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கீழே தையல்காரருக்கும் கேட்கும்படி சத்தமாகப் படிப்பேன்.

இப்படிக்கு,
தாத்தாவிடம் இருக்கும் உன் மகள்